பாவாத்தா கதவு சாத்தின கதை

வா, இந்தப் பக்கமா வந்து படு. தலகாணிய உதைக்காத. அது உன்னை என்ன பண்ணுச்சு? பெரியம்மா கதை சொல்லையில நீ "ம்" கொட்டணும். ம் நின்னுபோச்சுன்னா நீ தூங்கிட்டேன்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கதவு இருந்துச்சாம். அந்தக் கதவு சாத்தவே சாத்தாதாம்.

அந்தக் கதவு இருந்த வீட்டுல பாவாத்தான்னு ஒரு பொம்பள. அவ புருஷன் பேரு சென்னியப்பன். பாவாத்தா வேலை செய்வா, சென்னியப்பன் பேசுவாரு. ரெண்டு பேருக்கும் பொழுதுக்கும் ஓய்வே இருக்காது.

சென்னியப்பன் என்ன பேசுவாருன்னா, "எங்க பூட்டன் யாருன்னு நெனச்ச? பல்லக்குல போனவரு! எங்க பரம்பரையே பல்லக்குப் பரம்பரை. எங்க காலு தரையில பட்டதே கெடையாது"ம்பாரு. அவங்க தாத்தா காலத்துல எங்கிருந்தோ வந்து குடியேறின குடும்பம். அதனால ஊர்ல ஒருத்தருக்கும் நிசம் தெரியாது. பாவாத்தா மட்டும், "அதானுங்களே, உங்க காலு இன்னைக்கும் கட்டில விட்டு எறங்க மாட்டேங்குது"ம்பா.

அந்த ஊரு மலையடிவாரம். மலைமேல கோயிலு. கோயிலச் சுத்திக் கொரங்குக. அந்தக் கொரங்குகளுக்கு ஒரு தலைவன் இருந்தான். ஒரு காது கிழிஞ்சவன். தொப்பை இம்மாந்தண்டி. வாலத் தூக்கிக்கிட்டு, பொறந்ததுலருந்து வேலைவெட்டிக்கே போகாத பணக்கார வீட்டுப் பையனாட்டம் நடப்பான். ஊரே அவனுக்கு மைனர்னு பேரு வெச்சிருந்துச்சு.

"கொரங்குக்குப் பேரா?"

ஏன், உனக்கு வைக்கலையா? ம் கொட்டு.

"ம்."

அப்புறம் அந்த வருசம் மழைன்னா மழை, சோஓஓன்னு நாள்கணக்கா ஊத்துச்சு. வீட்டோட உள்ரூம் கதவு அத்தனை தண்ணியையும் குடிச்சு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் உப்பிப்போச்சு. தள்ளினா 'டம்'னு நிலையில முட்டும். அப்புறம் நகராது. ஒரு கொரங்கு நோகாம நொழையற அளவுக்குச் சந்து நிக்கும்.

மைனர் அதைப் பாத்துட்டான். முதல்ல வடை போச்சு. அப்புறம் மாவுச்சட்டி போச்சு. அப்புறம் சென்னியப்பன் கட்டிலுக்குப் பக்கத்துல அவுத்து வெச்ச வேட்டி போச்சு. மைனர் அந்த வேட்டியத் தோள்ல போட்டுக்கிட்டுக் கூரைமேல உக்காந்திருந்தான். அவருக்கு வெளிய வர வழியில்ல, உள்ளயே கெடந்தாரு.

பாவாத்தா வெளக்கமாத்த எடுத்தா. அப்போ கோயில் பூசாரி ஓடிவந்து, "ஐயோ, அடிச்சுப்போடாத! ஆஞ்சநேயரோட அம்சம்"னாரு.

"ஆஞ்சநேயரு மலையத் தூக்கினாரு சாமி. இவன் என்ற மாவுச்சட்டியத் தூக்கிட்டுப் போறான். ரெண்டும் ஒண்ணா?"னு கேட்டா பாவாத்தா.

பூசாரி திருநீற மட்டும் கொடுத்துட்டுப் போயிட்டாரு.

சரி, வடைதானே, வேட்டிதானேன்னு அவளும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அப்போ சேதி வந்துச்சு. அவங்க மக மரகதம் தலைப்பிரசவத்துக்கு வர்றா. அந்தக் காலத்துல வீட்டுலதான் பிரசவம். அந்த வீட்டுல அதுக்கு அந்த உள்ரூமை விட்டா வேற எடம் கெடையாது. கீழத்தெருவுல ஒரு வீட்டுல தொட்டில்ல கெடந்த கொழந்தையோட கால்கொலுச இந்த மைனர் புடுங்கி, பச்சக் காலெல்லாம் கீறல் பட்டு ரத்தம். பாவாத்தா அதை நேர்ல பாத்தவ. மக வர்ற சேதி கேட்டதுலருந்து அவளுக்குச் சோறு எறங்கல.

"ஆசாரியக் கூட்டியாங்க"ன்னா புருஷங்கிட்ட.

"ஆசாரி ஆத்துக்கு அக்கரையில இருக்காரு. ஆத்துல வெள்ளம் தென்னைமர உசரத்துக்குப் போவுது. நீச்சலடிக்கட்டா?"

"அடிங்களேன்."

அவரு அடிக்கல. அதுக்குப் பதிலா அருவாள எடுத்துக் கதவு ஓரத்தைக் கொத்தினாரு. நல்ல வைரம் பாஞ்ச மரம், கண்ணு. கதவுக்கு ஒண்ணும் ஆகல, அருவாளுக்குத்தான் பல்லு போச்சு. அப்புறம் கயித்தப் போட்டுக் கட்டினாரு. மைனர் உக்காந்து நிதானமா முடிச்ச அவுத்து, கயித்தையும் கொண்டுபோயிட்டான்.

அப்போ பாவாத்தாளுக்கு வந்துச்சு பாரு கோவம்! அடுப்புக்கு மேல பரண். கைய விட்டா. என்னமோ கட்டையாட்டம் கெடைச்சுச்சு. கரிப்புடிச்சு, எண்ணெப்பிசுக்கேறி, கன்னங்கரேல்னு, முழங்கை நீளத்துக்கு. வீசினா மைனர் மேல. விர்ர்ர்ர்! மைனர் என்ன பண்ணினான்? கையில புடிச்சுட்டான்! மோந்து பாத்தான். கடிச்சுப் பாத்தான். மூஞ்சியச் சுளிச்சு, "இத நீயே வெச்சுக்கோ"ங்கிற மாதிரி திருப்பி வீசிட்டான். தொபுக்!

"ஹி ஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். ம் கொட்டு.

"ம்."

கட்டை விழுந்த எடத்துல பாவாத்தா குனிஞ்சு பாத்தா. அடியில தட்டையா இருக்குது. மேல நடுவுல ஒரு பள்ளம், பள்ளத்துல காலங்காலமா அடைஞ்ச கரி. "ஏனுங்க, இது என்னதுங்க?"

சென்னியப்பனுக்குத் தெரியாத விசயம் ஏது? "அடடா! இது எங்க பூட்டன் பல்லக்குல போறப்பக் காலு வெச்சுக்கிற மணை. நாலு தலைமொறையா இருக்குது. எங்க போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன்"னாரு. தேடவே இல்ல. கட்டையத் திருப்பிப் போட்டுக் கம்பீரமாக் கால வெச்சாரு. சுருக்! "அம்மோவ்!" தரையில படாத காலுல ரத்தம் சொட்டுது. அந்தக் கட்டையோட வயித்துல ஏதோ கூர்மையா இருக்குது.

அந்தச் சத்தத்துக்குப் பூசாரி வந்தாரு. ரத்தத்தப் பாத்தாரு, கட்டையப் பாத்தாரு. கண்ணெல்லாம் விரிஞ்சுபோச்சு. "கால வெச்சதும் காவு வாங்கிருச்சு பாத்தியா! இது சுயம்பு!"னாரு. உடனே கட்டைக்கு ஒரு சொம்பு பாலு, ஒரு துண்டு மஞ்சத்துணி, முகத்துல ஒரு கை குங்குமம், முன்னால ஒரு சீப்பு வாழப்பழம். எல்லாரும் கண்ண மூடிக் கும்பிட்டாங்க. தொறந்து பாத்தா சாமி இருக்குது, பழம் இல்ல. மைனர் கூரைமேல தோலு உரிக்கிறான்.

அப்புறம் பாவாத்தா யோசிச்சா. நடுவுல பள்ளம், அடியில சந்து. மேல எதையாவது போட்டா அடியில வரும். "அட, இது இடியாப்பமாட்டம் சந்தகை பிழியற கட்டைங்க!"ன்னா. அவளும் பெரிய புத்திசாலியெல்லாம் இல்ல, கண்ணு. மாவ வேக வெச்சுப் பள்ளத்துல அடைச்சா. புருஷன அதுமேல உக்காரச் சொன்னா. உக்காந்தாரு. ஒண்ணும் வரல. "நல்லா அழுத்துங்க." அழுத்தினாரு. டர்ர்ர்ர்!

"சந்தகை வந்துச்சா?"

இல்ல, வேட்டி கிழிஞ்சுச்சு.

இப்போ அந்தப் பள்ளம் பூரா மாவு. புளித்தண்ணியக் கரைச்சு ஊத்தி, ஈர்க்குச்சியால நோண்டினா பாவாத்தா. மாவு வந்துச்சு. மாவோட கரி வந்துச்சு. கரியோட, சுருண்டு சுருண்டு, பூண்டுத் தோலாட்டம் மெல்லிசா ஒண்ணு வந்துச்சு. வெரல்ல நிமித்திப் பாத்தா. மோந்து பாத்தா. தேக்கு வாசம்!

அப்படியே உக்காந்துட்டா. மரகதம் கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய வந்த ஆசாரி, முன்னும் பின்னும் ஆடி ஆடித் தள்ளினாரே ஒரு சாமான். அப்பவும் இப்படித்தானே சுருள் சுருளா விழுந்துச்சு? அது சின்னது, பளிச்சுன்னு இருந்துச்சு. இது பெருசு, அட்டக்கரி. ஆனா ரெண்டும் ஒரே சாதிச் சாமான்.

"ஏனுங்க! இது மணையும் இல்ல, சாமியும் இல்ல, சந்தகையும் இல்ல. இழைப்புளிங்க! மரத்தச் சீவற இழைப்புளி!"

பூசாரி, "சாமிய உளிங்கிறியா?"ன்னாரு.

"சாமி எதுல வேணா இருக்கட்டுங்க. இப்போதைக்கு எனக்குக் கதவு சாத்தணும்."

அப்புறம் அதை எப்படிக் கழட்டறது? உள்ள ஒரு இரும்புத்தகடு, தகட்டப் புடிச்சுக்கிட்டு ஒரு மர ஆப்பு. துருவும் எண்ணெயும் சேந்து எல்லாம் ஒண்ணாக் கல்லாயிருச்சு. இழுத்தா வரல. சென்னியப்பன் பல்லால இழுத்தாரு, பல்லு ஆடுச்சு. அப்போ பாவாத்தா அதோட பின்பக்கத்துல அம்மிக் கொழவியால தட்டினா. டொக்! ஒண்ணுமில்ல. டொக்! ஆப்பு லேசா அசைஞ்சுச்சு. டொக்! பொசுக்குனு ஆப்பு எகிறிச் சென்னியப்பன் நெத்தியில போய் நச்சுனு விழுந்துச்சு. காலுல ஒரு காயம், நெத்தியில ஒரு புடைப்பு. அந்த மனுசன் அன்னைக்கு ஒரு இழைப்புளிகிட்ட அடி வாங்கினது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.

தகட்டப் புளித்தண்ணியில ஊறப் போட்டா. செங்கப்பொடியும் தேங்காநாரும் வெச்சுக் கரகர, கரகரன்னு தேச்சா. துரு செவப்பாக் கரைஞ்சு ஓடுச்சு. அப்புறம் கட்டையத் தேச்சா. கரி போச்சு, பிசுக்கு போச்சு, பூசாரி வெச்ச குங்குமம் போச்சு. உள்ள தேன் நெறத்துல மரம். முன்பக்கத்துல என்னமோ எழுத்து வெட்டியிருக்குது.

"ஏனுங்க, இதைப் படிங்க."

சென்னியப்பன் படிச்சாரு. "ப... பல்லக்கு... ஆசாரி... சென்... சென்னியப்பன்."

 பூட்டன் பேரத்தானே இவருக்கு வெச்சிருந்தாங்க?

பாவாத்தா சிரிப்ப அடக்கப் பாத்தா, முடியல. "நீங்க சொன்னது நெசந்தானுங்க. பல்லக்குப் பரம்பரைதான். என்ன, உள்ள உக்காந்தவங்க இல்ல, வெளிய நின்னு இழைச்சவங்க!"

சென்னியப்பன் போய்க் கட்டில்ல படுத்துட்டாரு. மத்தியானச் சோறு வேண்டாம்னுட்டாரு. பாவாத்தாளுக்கு அப்பத்தான் சங்கடமாப் போச்சு. இத்தனை வருசம் அவரு பேச்ச அவ திட்டிக்கிட்டிருந்தா. அந்தப் பேச்சு நின்னதும் வீடு என்னமோ மாதிரி இருந்துச்சு அவளுக்கு. அடுப்பக் கூடப் பத்தவெக்கத் தோணல. சாயங்காலமா அவரே எந்திரிச்சு வந்தாரு. மூஞ்சியக் கழுவியிருந்தாரு. தகட்டக் கையில எடுத்து, "எந்தப் பக்கம் தீட்டறது, புள்ள?"ன்னாரு.

தூங்கிட்டியா?

"ம்... இல்ல."

அப்புறம் ரெண்டு பேரும் சேந்தாங்க. அவரு அம்மிக்கல்லுல தண்ணி தெளிச்சுத் தகட்டத் தீட்டினாரு, சர்க்கு சர்க்குன்னு. அவ துவைக்கிற கல்லுமேல மணலத் தூவி, கட்டையோட அடிப்பக்கத்தத் தேச்சுத் தேச்சு மட்டமாக்கினா. வெளக்கெண்ணெயத் தடவினா. ஆப்ப மறுபடி சொருகினா. பூசாரி வெச்சுட்டுப் போன மிச்சக் குங்குமத்த நெலையில தடவிக் கதவ முட்டினாங்க. கதவு ஓரத்துல எங்கெங்க செவப்பு ஒட்டுச்சோ, அங்கெங்க சீவணும். பூசாரி குங்குமம் கடைசியில அப்படித்தான் ஒதவுச்சு.

மறுநாள் காலையில, "நகரு, நகரு! இது என்ற ரத்தத்துல ஓடுற வேலை"ன்னு சென்னியப்பன் வந்தாரு. தள்ளினாரு. வழுக்குனு போச்சு, ஒரு தூசு விழல. தகட்டத் தலகீழாப் போட்டிருந்தாரு! எடுத்துத் திருப்பிப் போட்டாரு. இந்தத் தடவ தகடு ரொம்ப வெளிய நீட்டிக்கிட்டிருந்துச்சு. தள்ளினாரு. கறக்! கதவுல வாழப்பழத் துண்டளவுக்கு ஒரு செதிலு பேந்துபோச்சு. ரத்தத்துல ஒண்ணும் ஓடல, கண்ணு. மைனர் மதில்மேல உக்காந்து இளிச்சான்.

அப்போ வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. மரகதம் வந்துட்டா! எறங்கினவ திண்ணையில கூட உக்காரல. வயித்தப் புடிச்சுக்கிட்டு, "அம்மா... வலிக்குதும்மா"ன்னா. வண்டி குலுங்கின குலுக்கல்ல வலி முந்திக்கிச்சு.

மருத்துவச்சி ஓடிவந்தா. மரகதத்த உள்ரூம்ல படுக்க வெச்சாங்க. மருந்துக்குன்னு வெல்லம், நெய்யி, சுக்கு எல்லாம் உள்ள போச்சு. வாசம் கெளம்புச்சு. கூரைமேல ஒரு வாலு. மதில்மேல ரெண்டு வாலு. மரத்துல பாத்தா வாலு வாலா. கதவோ பப்பரப்பேன்னு தொறந்து கெடக்குது.

"கதவச் சாத்துங்கடி!"ன்னு மருத்துவச்சி கத்துறா.

"சாத்தத்தான் போறேன்!"னு பாவாத்தா கத்துறா.

 இழைப்புளியத் தலகீழாத் தூக்கி, ஒரு கண்ண மூடி, அடிப்பக்கத்தப் பாத்தா. தகட்ட மெல்லத் தட்டி உள்ள தள்ளினா. தலமுடி அளவுக்கு எட்டிப் பாக்குது, அம்புட்டுதான். "கதவ ஆடாமப் புடிங்க"ன்னா. சென்னியப்பன் கதவக் கட்டிப் புடிச்சாரு. மரத்த ஒரு தடவ உள்ளங்கையால தடவிப் பாத்தா. ரேகை ஓடற பக்கமா வெச்சுத் தள்ளினா.

சர்ர்ர்ர்ர்ர்ர்!

முழுநீளத்துக்கு ஒரு சுருளு! மறுபடி. சர்ர்ர்ர்! சர்ர்ர்ர்! சுருளு சுருளா அவ காலடியில குமியுது. கொரங்குக முறுக்குன்னு நெனச்சு ஓடிவந்து வாயில அடைச்சுக்கிட்டு, தூ தூன்னு துப்புதுக. உள்ள மரகதம், "அம்மாஆஆ!"ங்கிறா. வெளிய பாவாத்தா, "இந்தா ஆச்சு, சாமி, இந்தா ஆச்சு!"ங்கிறா. சர்ர்ர்ர்! வேர்த்து ஊத்துது. கண்ணுல தண்ணி. அது வேர்வையா அழுகையான்னு அவளுக்கே தெரியல.

"தள்ளுங்க!"

பாவாத்தா உள்ள நொழைஞ்சதும் சென்னியப்பன் தள்ளினாரு. கதவு போச்சு... போச்சு... டொப்!

சாத்திக்கிச்சு. தாழ்ப்பாளும் விழுந்துச்சு. சென்னியப்பன் வெளிய நின்னுக்கிட்டாரு, பாவாத்தா உள்ள. "அப்பாடி"ன்னு திரும்பினா.

வெல்லத்தட்டுக்குப் பக்கத்துல, வாய் நெறைய வெல்லத்தோட, மைனர் உக்காந்திருக்கான்.

"உள்ளயா!"

உள்ளதான்! எப்ப நொழைஞ்சான்னே தெரியல.  இப்போ கதவத் தொறந்தா மத்ததெல்லாம் உள்ள வந்துரும். மருத்துவச்சிக்குக் கை ஒழியல. பாவாத்தா இழைப்புளியத் தூக்கிக்கிட்டு அவன் மேல போகப் பாத்தா. அதுக்குள்ள மரகதத்துக்கு ஒரு வலி வந்துச்சு பாரு. அவ தலையத் திருப்பினா. எதுக்கால கொரங்கு. அவ மெரளல. அவளுக்கு வந்த கோவத்துக்கு எதுக்கால ஒரு மூஞ்சி வேணும், அந்த மூஞ்சி கெடைச்சிருச்சு.

"என்னடா பாக்குறஏஏஏஏஏ!"

ஓடு அதிர்ந்துச்சு. மைனர் வாயிலருந்து வெல்லம் கீழ விழுந்துச்சு. கதவுக்கு ஓடினான், கதவு தொறக்கல. இத்தனை நாளா சாத்தாத கதவு அன்னைக்குன்னு பாத்து அசையல! நகத்தால கீறினான். மரகதம் மறுபடி கத்தினா. அவன் ஒரே தாவு, அந்த ரூமுல இருந்த பரணுக்குப் போயிட்டான். ரெண்டு கையாலயும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, மூஞ்சிய முழங்காலுக்குள்ள பொதைச்சுக்கிட்டு, கிடுகிடுன்னு நடுங்கினான். ஒவ்வொரு வலிக்கும் மரகதம் அவனப் பாத்தேதான் கத்தினா. அவ புருஷனுக்குச் சேர வேண்டிய வசவெல்லாம் அந்தக் கொரங்குக்குப் போச்சு.

அப்புறம், பொழுது எறங்கையில, "ங்ஙா... ங்ஙா..."

பொம்பளப்புள்ள! நல்லாக் கொழுகொழுன்னு.

தொடச்சு, துணியில சுத்தி, தாய் பக்கத்துல கெடத்தினதுக்கு அப்புறந்தான் பாவாத்தா தாழ்ப்பாளத் தொறந்தா. மைனர் பரண்லருந்து எறங்கினான். வாலு தொங்கிப்போச்சு. ஒருத்தர் மூஞ்சியையும் பாக்கல. வாசல் வரைக்கும் மெதுவா நடந்தான், அப்புறம் எடுத்தான் பாரு ஓட்டம்! மலையுச்சியிலதான் போய் நின்னான். அந்த வீட்டுப் பக்கம் அதுக்கப்புறம் ஒரு கொரங்கும் எட்டிப் பாக்கல.

கதவுக்குப் பயந்தானா, மரகதத்துக்குப் பயந்தானான்னு அந்த ஊர்ல இன்னைக்கும் பேசிக்குவாங்க. சென்னியப்பன் மட்டும், "எங்க இழைப்புளிப் பரம்பரைக்குப் பயந்துட்டான்"ம்பாரு. பேச்சு திரும்ப வந்துருச்சு அவருக்கு. பாவாத்தாளும் திரும்பத் திட்ட ஆரம்பிச்சுட்டா.

கொஞ்ச நாள் கழிச்சு வெள்ளம் வடிஞ்சுச்சு. அக்கரை ஆசாரி கொழந்தையப் பாக்க வந்தாரு. கொழந்தையப் பாத்துட்டுக் கதவப் பாத்தாரு. கிட்டப்போய் ஓரத்தத் தடவினாரு. செதிலு பேந்த எடத்துல வெரல விட்டாரு. "யாரு இழைச்சது இதை? ஒரே கோணலா இருக்குது"ன்னாரு.

"சாத்துதா?"ன்னா பாவாத்தா.

சாத்திப் பாத்தாரு. டொப். "சாத்துது."

"அப்பப் பேசாமக் காப்பியக் குடிங்க."

ம் கொட்டலயே? சரி, சரி. கதை அம்புட்டுதான், கண்ணு. கால நீட்டு, வாய மூடு, தூங்கு.